பிள்ளையின் சம்பாத்தியமும் தகப்பனாரின் பொறுப்பும்



நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, இணையத்தில் பழைய புத்தகம் விற்கிறோம், வாழ்த்து அட்டை வரைந்து விற்கிறோம் என்கிறார்கள். நம்மில் சிலர் அதட்டுகிறோம். சிலர் காசு வந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் முறையன்று.

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்து கூலிக்கு மேய்த்ததாக புகாரியில் வருகிறது. ஆகவே சிறு வயதில் உழைப்பது இழிவன்று. எப்படி உழைப்பது என்பதே கேள்வி.

அந்நிஸா அத்தியாயத்தின் 6-ம் வசனம் அநாதைகளைப் பற்றியது. அவர்களைச் சோதித்து, பகுத்தறிவு தெரிந்த பின்னரே பொருளை ஒப்படைக்கச் சொல்கிறது. வியாபாரி மகனை எப்படிச் சோதிப்பது? ஷாஃபியீ இமாம்கள் அழகான வழி சொன்னார்கள். பையன் சரக்கைப் பார்க்கட்டும், விலை பேசட்டும். பேச்சு முடிந்து ஒப்பந்தம் செய்யும்போது வலீ, அதாவது தகப்பனார், செய்யவேண்டும். பருவமடையாதவன் செய்யும் விற்பனை அம்மத்ஹபில் செல்லாது. ஹனஃபீ மத்ஹபில், விபரம் தெரிந்த சிறுவன் வலீயின் அனுமதியோடு விற்கலாம். நம்மில் மரைக்காயரும் உண்டு, ராவுத்தரும் உண்டு. எந்த மத்ஹபானாலும் தகப்பனார் இல்லாமல் காரியமில்லை.

இதை இணையத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கணக்கு நம் பெயரில் இருக்கட்டும். படம் எடுப்பதும் விபரம் எழுதுவதும் பையன். விலையை முடித்து, கடைசிப் பொத்தானை அழுத்துவது நாம். யூடியூப் விளம்பரப் பணம் தரும் கணக்குக்கும் 18 வயது வேண்டும். குறைந்தவனுக்குப் பெற்றோர் கணக்கே வழி. வாங்க வருகிறவரிடம் பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். வீட்டு முகவரியும் பள்ளிச் சீருடையும் படத்தில் தெரியலாகாது.

மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் அவர்கள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள். கிழிந்த பக்கத்தை மறைத்துப் புத்தகத்தைப் படம் பிடிப்பதும் அதே ஈரந்தான். கிழிசலையே முதல் படமாகப் போடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று. “உன் வங்கி அட்டையைக் கொடு, சும்மா இருநூறு வெள்ளி தருகிறேன்” என்று எவனாவது பையனுக்குச் செய்தி அனுப்புவான். மோசடிப் பணத்தைச் சுமக்கும் இக்கணக்கை மலாயில் ‘அகாவுன் கெல்டாய்’, கழுதைக் கணக்கு என்கிறார்கள். பெயர் பொருத்தமே, சுமப்பது கழுதை, லாபம் வேறொருவனுக்கு. மலேசியாவில் 2024-ல் தண்டனைச் சட்டத்தில் இதற்கெனவே பிரிவுகள் சேர்க்கப்பட்டன. வேலை தருமுன் “பதிவுக் கட்டணம்” கேட்பவனும் இந்தக் கூட்டமே. பணம் போய்விட்டால் பையனை அடித்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே 997-க்குத் தொலைபேசி செய்யுங்கள். சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு 1799. அடிக்குப் பயந்து மறைக்கிற பிள்ளையால்தான் நஷ்டம் இரட்டிப்பாகிறது.

பையன் சம்பாதித்தது பையனுடையது. கடைக் கல்லாவில் கலக்காமல் தனி நோட்டில் வரவு எழுதி வையுங்கள். ஷாஃபியீ மத்ஹபில் சிறுவர் பொருளுக்கும் ஜகாத் உண்டு. அது நிஸாபை எட்டி வருஷம் பூர்த்தியானால், அந்த நோட்டைப் பார்த்துத் தகப்பனாரே நிறைவேற்ற வேண்டும்.