அன்னையின் பெயர்

எட்டையபுரத்திற்கு இரு பெரும் புலவர்களால் சிறப்பு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அங்கே அடங்கியிருக்கின்றார். பாரதியார் 1882ஆம் ஆண்டில் அங்கே பிறந்தார். உமறு அவர்களின் வரலாற்றை நம் இல்லங்களில் சொல்லும்போது, தந்தையார் சேகு முதலியார் மணப்பொருள் வணிகர் என்போம். ஆசிரியர் கடிகைமுத்துப் புலவர் என்போம். ஆதரித்த வள்ளல் சீதக்காதியையும் அபுல்காசிம் மரைக்காயரையும் மறவாமல் வாழ்த்துவோம். ஈன்ற அன்னையைப் பற்றி ஒரு சொல்லும் நம் நாவில் எழுவதில்லை. எழவில்லையே என்று எவரும் வினவுவதுமில்லை.

பெண்ணின் பெயரைப் பொதுவில் மொழியாதிருத்தலே கண்ணியம் என்று சிலர் விடையிறுப்பர். அரபு நூல்களைப் பயின்ற நமக்கு இவ்விடை ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அலீ (ரலி) அவர்களின் மைந்தர் முஹம்மது, தம் தாயாரின் குலத்தைச் சுட்டி இப்னுல் ஹனஃபிய்யா என்றே வழங்கப்பெறுகின்றார். பழம்பெரும் அரபுக் கவிஞர் அன்தராவின் தாய் ஸபீபா, அபிசீனிய அடிமைப் பெண். அதன் பொருட்டே தந்தை அவரை மகனென ஏற்கவில்லை; போர்க்களத்தில் வீரம் காட்டிய பின்னரே ஏற்றார். குலப்பெருமையில் ஊறியிருந்த அரபிகளே ஸபீபாவின் பெயரை மறைக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் பெருங்கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796) உழவர் குடியினர். அன்னை ஆக்னஸ் பிரவுனுக்கு எழுதத் தெரியாது. ஆயினும் நாட்டுப் பழம்பாடல்கள் அவர் நாவில் நிறைந்திருந்தன. மைந்தர் மறைந்த பின்னும் 1820 வரை அவர் வாழ்ந்திருந்தார். அவ்வீட்டில் பேய்க் கதைகளும் மாயக் கதைகளும் ஓயாது சொல்லும் முதியவள் ஒருத்தியும் இருந்தாள். தம் உள்ளத்தில் கவிதை வித்து முளைத்தது அவளால் என்று 1787இல் ஒரு கடிதத்தில் பர்ன்ஸ் எழுதினார். நன்றியுடையவர்தாம். ஆயினும் அக்கடிதத்தில் அவள் பெயரில்லை. தாயாரைச் சார்ந்த ஒரு முதியவள் என்ற அளவோடு நின்றுவிட்டார். பெட்டி டேவிட்சன் என்ற பெயரைப் பிறரே பதிந்து வைத்தனர்.

நெடுங்காலம் உடனிருந்த தாய்க்கன்றோ இக்கடன் என்பாரும் உளர். பாரதியாரின் அன்னை இலட்சுமி அம்மாள், மைந்தர் ஐந்து வயதினராய் இருக்கையிலேயே மறைந்தார். ஐந்தாண்டுகளில் என்ன கொடுத்திருக்க இயலும்? மொழியைக் கொடுத்திருக்க இயலும். குழந்தை பேசக் கற்பது அவ்வாண்டுகளில்தானே! யாப்பும் அணியும் பின்னர் ஆசானிடம் கிடைப்பவை. (நாமும் பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு ஸர்ஃபும் நஹ்வும் கற்பித்தவர்கள்தாம், பேச்சறியாத பிள்ளைக்குப் பேச்சைக் கொடுத்த ஆசானை நாம் கண்டதில்லை.)

நாம் வாழும் பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுத் தறியில் அமர்பவர் பெயரிலேயே கூலி எழுதப்படுவது வழக்கம். ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அக்கணக்கில் இடமில்லை. அவர்கள் கை ஓய்ந்தால் தறி ஓய்ந்துவிடும் என்பதை நெசவாளரே ஒப்புவர்.

அன்னையர் இதனைக் கேட்கவில்லையே என்று வாதிடலாம். கேளாதவரின் பங்கைக் கொடாதிருத்தல் நேர்மையாகுமோ? மகன் விட்டுச் சென்ற சொத்தில் தாய்க்கு ஆறிலொன்றோ மூன்றிலொன்றோ உண்டென்று பாகப்பிரிவினைச் சட்டம் வகுத்திருக்கிறது. அதனை மறுப்பவனைத் தீயவன் என்கின்றோம். மகன் விட்டுச் சென்ற புகழில் மட்டும் அவளுக்குப் பங்கில்லையென்று எந்த நூல் சொல்லிற்று?

குடிவழி எழுதி வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவ்வேட்டில் தந்தையர் பெயருக்கு நேரே தாயர் பெயருக்கும் ஓரிடம் விடும்படி அன்னோரை வேண்டுகின்றோம். வீட்டு முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளல் எளிது.