அதே கார்தானா?

பீடோருக்குத் தெற்கே பழைய நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் சுங்காய். 1985-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகா, இத்தகைய ஊர்களிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வெறும் வாகனமாக மதிக்கப்பட்டதில்லை. அதுவரை சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே முதல் கார். அவ்வாறு தந்தை வாங்கிய காரின் இயந்திரம் தேய்ந்து புகை கக்கத் தொடங்கியதும், ஜப்பானிலிருந்து 'ஹாஃப் கட்' ஆக வந்திறங்கிய வேறோர் இயந்திரத்தை மகன் பொருத்த விரும்புவது மலேசியப் பட்டறைகளில் பழகிப்போன செய்தி. 1.3 லிட்டர் இயந்திரம் இருந்த இடத்தில் 1.6 லிட்டர் 4ஜி92 அல்லது 1.8 லிட்டர் 4ஜி93 வந்து அமர்கிறது. அதன்பின் அது அதே கார்தானா?

விக்கிரமாதித்தன் கதையில் வேதாளமும் இத்தகைய புதிரைப் போடுகிறது. கணவனுக்கும் சகோதரனுக்கும் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள் ஒருத்தி. இனி அவள் கணவன் யார்? உறுப்புகளில் தலையே முதன்மை, ஆகவே கணவனின் தலையை உடையவனே கணவன் என்று அரசன் தீர்ப்பளிக்கிறான். சாலைப் போக்குவரத்து இலாகாவின் தீர்ப்போ இதற்கு நேர்மாறு. அடிச்சட்ட எண் மாறாதவரை கார் அதே கார்தான். இயந்திர எண் மாறினால் அனுமதியும் பரிசோதனையும் பெற்றுப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம்.

தோட்டத்து மக்கள் அறிந்த சான்று மற்றொன்று உண்டு. விதையிலிருந்து முளைத்த கன்றில் உயர்ரக மொட்டை ஒட்டிப் பால்மரம் வளர்க்கிறார்கள். வேர் ஒன்று, அடிமரம் வேறொன்று. ஆயினும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் பெயர் ஒட்டிய மொட்டுக்கே உரியது. வேரின் பெயரை எவரும் கேட்பதில்லை. பால் தருவது எதுவோ அதுவே மரம் என்பது தோட்டக்காரரின் கணக்கு. சாலையில் நடப்பதற்கு யார் பொறுப்பு என்பது இலாகாவின் கணக்கு. கேட்பவரின் தேவைக்கேற்பவே 'அதே' என்னும் சொல் பொருள் கொள்கிறது.

சுங்காய் வட்டாரத்தில் ஒருகாலத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பயிர் மாறியபின்னும் பழைய பெயரையே தாங்கி நிற்கும் தோட்டங்கள் உண்டு. பத்திரத்தில் அவை அதே தோட்டங்கள். லயங்களிலிருந்து வெளியேறியவரிடம் கேட்டால் விடை வேறாகத்தான் இருக்கும்.

இனி, அசல் இயந்திரம் போனால் காரே போயிற்று என்று வருந்தும் தந்தைக்கு ஒரு செய்தி. தேசியக் கார் என்று போற்றப்பட்ட சாகாவின் உடலமைப்பு மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயைத் தழுவியது. அதன் இயந்திரமும் மிட்சுபிஷியுடையதே. புரோட்டோன் தன் சொந்தக் கேம்ப்ரோ இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது 2004-இல்தான். புதிதாக வரும் 4ஜி92-வும் மிட்சுபிஷிதான் என்பதால், உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை.

மகன் சிந்திக்க வேண்டியது வேறு. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில், இழுப்பதும் திருப்புவதும் அதே இரு சக்கரங்கள். பாரமும் முன்பக்கமே மிகுதி. ஆற்றல் பெருகும்போது, சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டுகள், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள், சுருள்வில்கள், தடைகள் ஆகிய யாவும் தம் அளவுக்கு மீறிய சுமையை ஏற்கின்றன. அழுத்தி ஓட்டினால் திருப்புவட்டம் கையிலிருந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பழைய வேகத்தை நிறுத்துவதற்கென்று செய்யப்பட்ட தடைகளை அப்படியே விட்டுவிட்டு, வேகத்தை மட்டும் கூட்டுவது பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும். பின்னிருக்கையில் அமரும் தாய்க்கோ எதிரே சைக்கிளில் வருபவருக்கோ இம்மாற்றம் தெரியாது. அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்டதுமில்லை.

விற்கும் வேளையிலும் இச்சிக்கல் தொடர்கிறது. இயந்திர எண்ணைப் பதிவு செய்து, தடைகளையும் மாற்றி, மாற்றியதைச் சொல்லி விற்பவரிடம் குறை காண்பதற்கில்லை. பதிவு செய்யாமல் 'தந்தை வைத்திருந்த பழைய சாகா' என்று மட்டும் சொல்லி விற்பவர், பொய்யான சொல் எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் வாங்குபவர் தாம் எந்தக் காருக்குப் பணம் கொடுக்கிறார் என்பதை அறியாமலேயே சாவியைப் பெற்றுக்கொள்கிறார்.