யாருக்காக நீண்ட கை?

கையசைப்பவர் ஒருவர், கண்டு பொருள் கொள்பவர் மற்றொருவர். இருவரும் இருந்தால்தான் அது சைகை, இல்லையேல் வெறும் அசைவு. நெடுங்காலம் நான் இப்படித்தான் எண்ணியிருந்தேன்.

2013-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 'வைசீ' என்றொரு சோதனை செய்தார்கள். வீட்டிலுள்ள வைஃபை அலைகள் நம் உடலிலும் பட்டுத் திரும்புகின்றன. கை அசைந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறுகிறது. நெருங்கும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா, அதே டாப்ளர் விளைவுதான். ஆனால் எத்தனை அற்பமான மாற்றம்! விநாடிக்கு 500 கோடி அதிர்வில், அரை மீட்டர் வேகத்தில் நகரும் கை உண்டாக்கும் வேறுபாடு சுமார் 17. அதைக்கொண்டே 9 சைகைகளை 94 விழுக்காடு சரியாக இனங்கண்டார்கள். காமிரா இல்லை, ஆள் அடுத்த அறையில் இருந்தாலும் பாதகமில்லை.

2018-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். வானொலி அலையையும் காமிராப் படத்தையும் சேர்த்துக் காட்டி யந்திரத்துக்குப் பாடம் கற்பித்தார்கள். பிறகு காமிராவை எடுத்துவிட்டார்கள். சுவருக்கு அப்பால் நின்றவரையும் அது கோட்டுருவமாக வரைந்து காட்டியது!

இதை நான் இகழவில்லை. தனித்து வாழும் முதியவர் இரவில் தடுக்கி விழுந்தால், காமிராவைப்போல் மானத்தை வாங்காமல் சேதி சொல்லக்கூடியது இது.

வைசீயில் நாகரிகமான ஏற்பாடு ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து அழைத்தால்தான் யந்திரம் நம் கட்டளைக்குச் செவிசாய்க்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டுமே வந்து நிற்கும் வேலையாளைப்போல! ஆனால் அழைப்பை அறிய வேண்டுமானால், அழைக்கும் முன்பே அது கவனித்துக்கொண்டிருக்க வேண்டுமே! அந்த நேரத்து அசைவுகள் யாருக்குச் சொந்தம்? அலையோ நம் வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டாரின் சம்மதத்தைக் கேட்டவர் யார்? வைஃபை கருவிகள் இப்படி உணர்வதற்கு 2025-இல் பொது நியமமே வகுத்தாகிவிட்டது. ஆகவே இது ஆய்வுக்கூடத்துக் கேள்வி மட்டுமன்று.

அப்பா காலமாகி ஒரு மாதம் இருக்கும். அந்தி நேரம். அம்மா தனியாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி மடித்து, பக்கத்திலிருந்த வெற்று நாற்காலியை நோக்கி நீட்டினாள். சிறிது நேரம் கை அப்படியே நின்றது.

அது வெறும் அசைவா? இல்லை, சைகையேதான். ஆனால் எனக்கானதன்று.

நான் ஓசைப்படாமல் கொல்லைப்புறமாகப் போய்விட்டேன். அம்மாவிடம் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.