தானே காணும் பிழை

புழலில் பகவான் ஆதிநாதரை வணங்கிவிட்டு வடக்கு நோக்கிச் செல்வோர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடைவர். அங்கும் திருவள்ளூர் வட்டாரத்திலும் உள்ள ஆலைகள் பலவற்றுக்குச் சென்னை, காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் வழியே வெளிநாட்டுப் பொருள்கள் வருகின்றன. இத்தகைய ஆலைகளில் பொறுப்பேற்றோர் முன் நிற்கும் ஓர் அறவினாவை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

இறக்குமதியாளரே தம் பொருளுக்குரிய சுங்கத் தீர்வையை மதிப்பிட்டுக் கூற வேண்டும் என்பது 2011 ஏப்ரல் 8 முதல் சட்டம். எல்லாப் பெட்டிகளும் திறந்து பார்க்கப்படுவதில்லை. இறக்குமதியாளரின் சொல்லை நம்பியே பல பெட்டிகள் வெளியேறுகின்றன.

ஓர் ஆலை, தனக்கு வேண்டிய பாகங்களை வார்ப்பதற்கான மோல்டுக்கு 12 இலட்சம் ரூபாயை வெளிநாட்டு விற்பனையாளருக்குத் தனியே செலுத்தியது எனக் கொள்வோம். அத்தொகையையும் பாகங்களின் மதிப்போடு சேர்க்க வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதி. கணக்கர் அறியாமல் விட்டுவிட்டார். ஓராண்டு கழித்துத் தாமே கண்டார். அடிப்படைத் தீர்வை 10 விழுக்காடாயின் 1,20,000 ரூபாயும், ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியாக 18,000 ரூபாயும் செலுத்த வேண்டும். வேறு எவரும் இதனை அறியார். செய்ய வேண்டியது யாது?

தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்திற்குக் கூறும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று, அரசின் நெறியை மீறிப் பொருளீட்டுதல். அதிசாரம் விரதத்தில் படியும் மாசு. அனாசாரம் விரதத்தின் முறிவு. நேற்றுவரை கணக்கில் இருந்தது மாசு மட்டுமே. அறிந்த பின் காக்கும் மௌனமே விரதத்தை முறிக்கிறது.

சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. வஞ்சனையின்றி நேர்ந்த குறைவை, அறிவிப்பு வருமுன் வட்டியுடன் தாமே செலுத்தினால் தண்டம் இல்லை. 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 18ஏ பிரிவு, பொருள் வெளியேறிய பின்னும் பதிவைத் தாமே திருத்த வழி செய்கிறது. தணிக்கையோ சோதனையோ தொடங்கியதாக அறிவிக்கப்பட்டபின் அவ்வழி அடைபடும். அகப்பட்ட பின் கூறுவது ஆலோசனையாகாது என்பதை நாம் முன்பே அறிவோம் அன்றோ?

வஞ்சனையற்ற பிழைக்கு ஈராண்டு கடந்தால் அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் பொதுவாக முடிகிறது. காலம் அரசின் கையைத் தடுக்கலாம். நம் கடனைக் கரைப்பதில்லை.

“போட்டியாளர் செலுத்தாதபோது நாம் மட்டும் இழப்பதா?” என்பர் சிலர். அத்தொகை ஒருபோதும் நம்முடையதாக இருந்ததில்லை. நம்முடையதல்லாததை இழத்தல் இயலாது. நேர்மையாளருக்கு விரைந்த அனுமதி முதலிய சலுகைகளைத் தரும் திட்டம் 2011இல் தொடங்கி 2016இல் மூன்று படிநிலைகளாக விரிந்தது. நன்று. ஆயினும் சலுகைக்காகக் காக்கும் நேர்மை, சலுகை நின்றால் தானும் நிற்கும்.

இதில் பெரும்பொறுப்பு முதலாளியுடையது. பிழையைக் கண்டு வந்து சொல்லும் கணக்கரை ஒருமுறை கடிந்துகொண்டால், மறுமுறை அவர் வாய் திறவார். ஆலையின் பிரதிக்கிரமணம் அன்றே நின்றுவிடும்.

ஆகவே காலாண்டுக்கு ஒருமுறை, தீர்ந்துபோன பத்துப் பதிவுகளையேனும், அவற்றை எழுதாத ஒருவரைக் கொண்டு மீண்டும் பார்ப்போம். பிழை கண்டவருக்கு முதலில் நன்றி கூறுவோம். பிறகு கடனைச் செலுத்துவோம்.