பொறுமைக்கு 2 ஆண்டு

வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குகிற பெண்ணுக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் உண்டு. நீதிமன்றத்தில் அதே குணம் அவளுக்கே எதிராகத் திரும்பும் என்பது, 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கோவா அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் 1993-இல் பித்தப்பை அறுவை செய்துகொண்டார். பிறகும் வயிற்றுவலி விடவில்லை. மருந்து சாப்பிட்டபடி ஒன்பது ஆண்டுகளை ஓட்டினார். 2002-இல் மறுபடி வயிற்றைத் திறந்தபோது உள்ளே காஸ் துணி. வழக்குப் போட்டார், தோற்றார். இத்தனை காலம் வலித்தும் அறுவை செய்த டாக்டரிடம் ஏன் போய்க் கேட்கவில்லை, நர்ஸாக இருப்பவருக்கு இது தெரியாதா என்பதுதான் தீர்ப்பின் சாரம். கெடு தாண்டிவிட்டது என்று மனு தள்ளுபடியானது.

நுகர்வோர் சட்டம் தரும் கெடு 2 ஆண்டு. அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வலி தொடங்கிய நாளா, துணி கண்ணில் பட்ட நாளா? பொறுத்துப் பொறுத்தே பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதற்குள் பாதிக் காலம் போய்விடுகிறது.

என் பெரியம்மாவும் பொறுத்தவர்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டியோடு கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதன் பிறகு ஏழு மாதம் வலி. முதலில் வாயு என்றார்கள், பிறகு வயசு என்றார்கள், கடைசியில் மனசு என்றார்கள். மதுரையில் ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தை விளக்கு முன் பிடித்து, வெள்ளையாகச் சுருண்டு கிடந்த ஒரு கோட்டைக் காட்டினார். அறுவைக்குப் பயன்படுத்துகிற மாப் துணியில் எக்ஸ்ரேயில் தெரிவதற்கென்றே ஓர் இழை வைத்து நெய்திருப்பார்கள். ரத்தத்தில் ஊறிவிட்டால் துணி எது, சதை எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் இழையும், எண்ணிக்கையும். அறுவைக்கு முன்பும் வயிற்றை மூடும் முன்பும் இரண்டு சிஸ்டர்கள் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இது இருக்கிறது. பெரியம்மாவின் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தோம். ‘மாப் கவுண்ட் சரி’ என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. எண்ணாமலே போட்ட கையெழுத்தாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டில் பேச்சு வேறு பக்கம் போனது. “கட்டிய எடுத்து உசுரக் காப்பாத்துன மனுசன். அவர் மேல கேஸா போடுவீங்க? நாளைக்கு ஒரு அவசரம்னா யாருக்கா கதவத் திறப்பா?” என்றார் மாமா. அவர் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காகவே டாக்டரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நியாயம்தான். இல்லையென்றால் ஆபத்தான நோயாளியை யாரும் தொடத் துணிய மாட்டார்கள். ஆனால் துணியை எண்ணுவதில் என்ன ஆபத்து இருக்கிறது? கட்டியை எடுக்கத் திறமை வேண்டும், அந்தத் திறமைக்குப் பெரியம்மா இன்றைக்கும் கைகூப்புகிறார். அந்த நன்றியைக் காட்டி இந்தக் கேள்வியை அடக்கப் பார்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்களும் லேசில் கரையேறிவிடவில்லை. 1963-இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு அறுவையின்போது ஒரு பெண்ணின் வயிற்றில் துண்டை விட்டுவிட்டார்கள். அந்த மாதமே அவர் இறந்துபோனார். கணவர் வழக்கு நடத்தினார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து, உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி ஜெயித்தார். கிடைத்தது 36,000 ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டுதான், காசு வாங்கிப் பார்க்கும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பானது. இப்போது மாவட்ட ஆணையத்தில் வக்கீல் இல்லாமலேகூட மனுப் போடலாம். வாய்தா மட்டும் குறைந்தபாடில்லை.

மனுப் போடும் முன் மருத்துவமனையிலிருந்து ஒருவர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். பணம் தருவதாகச் சொன்னார். குறைந்த தொகை என்று சொல்ல முடியாது. கூடவே ஒரு தாள். சிகிச்சையில் எந்தக் குறையும் நடக்கவில்லை என்று பெரியம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டும். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். “பணம் வாங்க எனக்கு வெக்கம் இல்லப்பா. ஆனா ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதிக் குடுத்தா, ஏழு மாசம் நான் நடிச்சேன்னு ஆகாதா?” என்றார். மன்னித்துவிடு என்று சொன்ன சொந்தக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லவில்லை. நடக்கவே இல்லை என்பவரை எதற்காக மன்னிப்பது?

வழக்கு நடக்கிறது. ‘அந்தத் துணி எங்களுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று எதிர்த்தரப்பு பதில் போட்டிருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்த இடத்தில், சொந்தத்தில் ஒரு பெண் பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிசேரியன் ஆனதிலிருந்து வலி, ஒன்றரை வருசமாகிறது, வீட்டில் சொன்னால் சும்மா இரு என்கிறார்கள் என்றாள். பெரியம்மா ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. முதலில் வேறு டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு, நாம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட் நகல் தந்தாக வேண்டும் என்று 2002-லிருந்தே விதி இருப்பதைச் சொன்னார். “வாயால கேக்காத. எழுதிக் குடு, தேதி போட்டு. வாங்கிக்கிட்டோம்னு அவங்க கையெழுத்து வாங்காம வராத.”