கையொப்பம் இட்டால் கட்டத்தான் வேண்டுமா?

பிள்ளையைக் கட்டணப் பாடசாலையில் சேர்க்கும் அன்று பெற்றோர் ஒரு படிவத்தில் கையொப்பம் இடுகின்றனர். பிள்ளையை விலக்குவதாயின் ஒரு தவணை முன்னதாக எழுத்தில் அறிவித்தல் வேண்டும், தவறினால் அத்தவணைக் கட்டணம் முழுவதையும் செலுத்துதல் வேண்டும் என்ற வாசகம் பெரும்பாலும் அதில் இருக்கும். அன்றைய மகிழ்ச்சியில் அதை வாசிப்பவர் யார்? பின்னர் தந்தையின் வேலை போய்விடுகிறது. அப்போதுதான் படிவம் வெளியே வருகிறது.

நம் பெற்றோர் காலத்தில் இவ்வில்லங்கம் அரிது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகள் அரசு வசமானபோது, யாழ். புனித பத்திரிசியார் கல்லூரி கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நின்றது. இன்றோ சர்வதேசப் பாடசாலைகள் இங்கும் உண்டு. அவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை.

கொடுத்த வாக்கைக் காப்பது கடமையே. ஆயினும் ஆளின் நிலையோ காரியத்தின் நிலையோ மாறிவிட்டால், வாக்குப்படி செய்யாதவனைப் பொய்யன் என்று கொள்வதற்கில்லை என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ். (மலிவான பாடசாலை ஒன்று கண்ணிற் பட்டது நிலை மாற்றம் ஆகாது!) 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், தொழிலாளி சம்மதித்தான் என்பதால் மட்டும் கூலி நீதியாகிவிடாது, ஒப்பந்தத்திற்கு மேலாக இயற்கை நீதி ஒன்று உண்டு என்று போதித்தார். அது கூலிக்குச் சொன்னது. கட்டணத்திற்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் எதைக் கொடுப்பது கடன்? உண்மையில் நேர்ந்த நட்டத்தை. ஒரு கதிரை வெறுமையானதால் ஆசிரியையின் சம்பளம் குறைவதில்லை. ஆகவே ஒரு சொல்லும் சொல்லாமல் பிள்ளையை நிறுத்திவிடும் தந்தை, அந்த ஆசிரியைக்கே கடனாளி. மாறாக, அடுத்த கிழமையே வேறொரு பிள்ளை அக்கதிரையில் அமர்ந்துவிட்டால், ஒரே இடத்திற்கு இரண்டு கட்டணம் வாங்குவது எவ்விதம் நியாயமாகும்? படிவத்தில் எழுதியிருப்பினும் அது அநீதியே.

பெற்றோர் ஒளிக்காமல் அதிபரிடம் நேரிற் சென்று நிலைமையைச் சொல்லட்டும்; கடிதமும் கொடுக்கட்டும்; இயன்றதைத் தவணை முறையிற் கட்டட்டும். நிர்வாகமும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நிலுவைக்காகப் பிள்ளையின் விடுகைப் பத்திரத்தைத் தடுத்து வைப்பதுண்டு. படிவத்தில் கையொப்பம் இட்டது தந்தை, பிள்ளையல்ல. பத்திரத்தை முதலிற் கொடுங்கள். கணக்கைப் பிறகு தந்தையோடு பேசலாம்.