இரண்டாவது பெயர்

திருவனந்தபுரம் தைக்காட்டில் சிசுக்ஷேம சமிதி வைத்திருக்கும் ‘அம்மத்தொட்டில்’ 2002 முதல் இருக்கிறது. வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையை அதில் கிடத்திவிட்டுப் போகலாம். உள்ளே மணி ஒலிக்கும், ஊழியர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். விட்டுப்போனவர் யார், எந்த ஊர் என்று எவரும் துருவுவதில்லை. அந்தக் குழந்தையைத் தத்தெடுக்க இரு பெண்கள் சேர்ந்து முன்வந்தாலோ சட்டம் திருமணச் சான்றிதழ் கேட்கிறது.

2022 தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, தம்பதியாக விண்ணப்பிக்க இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். தனியாள் விண்ணப்பிக்கத் தடையில்லை; ஆணென்றால் பெண் குழந்தை கிடைக்காது, அவ்வளவுதான். ஆகவே தன்பாலீர்ப்பு இணையரில் ஒருவர் ‘தனியாள்’ என்று எழுதிக்கொடுத்துத்தான் குழந்தையைப் பெற முடியும். மற்றவரும் பால் கலக்குவார், காய்ச்சல் இரவில் நெற்றிக்கு ஈரத்துணி போடுவார். பள்ளிப் படிவத்தில் மட்டும் அவருக்கு இடமிருக்காது. தத்தெடுத்தவர் இறந்துபோனால், பத்தாண்டு வளர்த்தவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர். உயிலில் காப்பாளராக எழுதிவைக்கலாம். அதையும் உறவினர் எவராவது நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். வாடகைத்தாய் வழியையும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கு அடைத்துவிட்டது.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தம்பதிகளுக்கான இந்தத் தத்தெடுப்பு விதியை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைநிறுத்தியது. பெரும்பான்மையின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மணமாகாத இணையர் நல்ல பெற்றோராக இருக்க மாட்டார்கள் என்று நீதிபதி ரவீந்திர பட் சொல்லவில்லை. அவர்கள் பிரிந்தால் குழந்தைக்கு ஜீவனாம்சம், வாரிசுரிமை போன்ற காப்புகள் திருமணச் சட்டங்கள் வழியே கிடைக்காதே என்பதுதான் கவலை. நியாயமான கவலை. ஆனால் அந்தக் காப்பைத் தராமல் வைத்திருப்பதே சட்டம்தானே? குழந்தை இரண்டு பேர் மடியில்தான் வளரப்போகிறது. ஒருவரை மட்டும் பொறுப்பாளியாக்கினால், பிரிவு வரும்போது மற்றவரிடம் அது எதைக் கேட்க முடியும்?

யார் பெற்றோர் என்ற கேள்வி கோழிக்கோட்டில் வேறு வடிவில் வந்தது. திருநம்பி ஜஹாத், 2023 பிப்ரவரியில் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை பெற்றார். இணையர் ஜியா பவல், திருநங்கை. பிறப்புச் சான்றிதழில் ஜஹாத் தாய், ஜியா தந்தை என்று பதிவானது. ‘பெற்றோர்’ என்று இருவரையும் குறித்தால் போதும் என்று கேட்டார்கள், மாநகராட்சி மறுத்தது. 2025 ஜூன் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்டபடியே திருத்தித்தர உத்தரவிட்டது.

பிறப்புச் சான்றிதழ் யார் வயிற்றில் பிறந்தது என்ற உண்மையைச் சொல்ல வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. தத்துக் குழந்தைகளின் சான்றிதழை எடுத்துப் பார்க்கட்டும்: அதில் இருப்பது தத்தெடுத்தவர்கள் பெயர். இந்தக் குழந்தையை வளர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதைத்தான் அந்தத் தாள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தன் பிறப்பைப் பற்றி அறியக் குழந்தைக்கு உரிமை உண்டு, சந்தேகமில்லை. ஏற்ற வயதில் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை, பள்ளிச் சேர்க்கையின்போது எழுத்தர் முன்னால் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

நாட்டிலேயே முதலில், 2015இல், திருநர் கொள்கை வெளியிட்ட மாநிலம் கேரளம். அப்படியிருந்தும் ஒரு படிவத்தில் ஒரு சொல்லை மாற்ற ஒரு குடும்பம் வழக்குப் போட வேண்டியிருந்தது. உத்தரவும் அந்த ஒரு குழந்தையின் சான்றிதழுக்கே. மத்திய அரசின் ஒப்புதலோடு பிறப்புப் பதிவு விதிகளை மாநில அரசே திருத்த முடியும். அது நடக்காதவரை, அடுத்துப் பிறக்கும் குழந்தையின் பெற்றோரும் வக்கீல் கட்டணத்துக்குப் பணம் புரட்டிக்கொண்டு உயர் நீதிமன்றம் இருக்கும் எர்ணாகுளத்துக்கு ரயிலேற வேண்டும்.